கால் விரலுக்குப் போகாத கட்டளை!

குட்டீஸ், வலது கால் கட்டைவிரலை ஒருமுறை மடக்கி நீட்டுங்கள் பார்க்கலாம். செய்தாயிற்றா?

'பூ, இது ஒரு வேலையா!' என்கிறீர்களா? உங்களுக்கு வேண்டுமானால் இது சாதாரணமாக இருக்கலாம். உங்கள் உடம்புக்கு இது பெரிய வேலை. மூளையின் மேல்பகுதியில் இருக்கும் ஒரு நரம்பு செல், 'மடக்கு' என்ற கட்டளையை முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்துக்கு அனுப்புகிறது. அங்கே இடுப்புக்குச் சற்று மேலே காத்திருக்கும் இன்னொரு நரம்பு செல் அதை வாங்கி, பாதத்தில் இருக்கும் தசைக்குக் கொண்டு சேர்க்கிறது. உடனே தசை சுருங்குகிறது, விரல் மடங்குகிறது. இந்த இரண்டு வகை செல்களுக்கும் 'மோட்டார் நியூரான்' என்று பெயர். தமிழில் இயக்க நரம்பு செல் என்று சொல்லலாம்.

இரண்டாவது செல் இருக்கிறதே, அது ஓர் அதிசயப் பிறவி! அதன் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால், அதிலிருந்து கிளம்பும் வால் பெரியவர்களுக்கு இடுப்பிலிருந்து பாதம்வரை சுமார் 1 மீட்டர் நீளம் இருக்கும். செல்லின் உடலை ஒரு கால்பந்து அளவுக்குப் பெரிதாக்கினால், அந்த வால் 2 கிலோமீட்டருக்குக் குறையாமல் நீளும். இந்த வாலுக்குத்தான் ஆக்ஸான் என்று பெயர்.

வாலுக்குத் தேவையான சரக்குகளில் பெரும்பாலானவை செல்லின் உடலில்தான் தயாராகின்றன. கால் முளைத்தது போன்ற குட்டிக் குட்டிப் புரதங்கள் அந்த மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு, தண்டவாளம் போன்ற பாதையில் நடந்தே போகின்றன. மிக வேகமாகப் போகும் மூட்டைகூட ஒரு நாளில் 40 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் போகும். ஆக, பாதம் போய்ச் சேர இரண்டு, மூன்று நாட்கள்! வழியில் எங்கே அடைத்தாலும் சிக்கல்தான்.

இந்த செல்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கினால் என்ன ஆகும்? அதுதான் மோட்டார் நியூரான் நோய்.

சட்டைப் பொத்தானைப் போட முடியாது. ஸ்பூன் கை நழுவும். நடக்கும்போது செருப்பு கழன்று விழும். கட்டளை வராத தசைகள் மெலிந்து போகும். பிறகு பேச்சு குழறும், விழுங்குவது கடினமாகும். கடைசியில் மூச்சு விட உதவும் தசைகளும் ஓய்ந்துபோகும். ஆனால் கண் பார்க்கும், காது கேட்கும், தொட்டால் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு நினைவும் அறிவும் தெளிவாகவே இருக்கும். பேச முடியாமல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து, 'இவருக்கு ஒன்றும் புரியாது' என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய தவறு.

பொதுவாக ஐம்பது வயதைத் தாண்டியவர்களையே இது அதிகம் தாக்குகிறது. இது தொற்றுநோய் இல்லை. நோயாளியின் கையைப் பிடித்தாலோ, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலோ ஒட்டிக்கொள்ளாது.

பாரிஸ் டாக்டரும் பேஸ்பால் வீரரும்

இந்த நோயைத் தெளிவாக விவரித்தவர் பிரான்ஸ் நாட்டு டாக்டர் ழான் மார்ட்டின் ஷார்கோ. பாரிஸ் நகரின் சால்பெட்ரியர் மருத்துவமனையில் வேலை பார்த்தார். நோயாளிகள் உயிரோடு இருக்கும்போது அவர்களுக்கு எந்தத் தசை எப்படி ஓய்ந்தது என்று விவரமாக எழுதி வைப்பார். அவர்கள் இறந்த பிறகு தண்டுவடத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். தண்டுவடத்தின் முன்பக்கத்தில் இருக்க வேண்டிய பெரிய செல்களைக் காணோம். பக்கவாட்டில் இருந்த நரம்புப் பாதைகளோ கெட்டிப்பட்டுப் போயிருந்தன. 1869ல் அவர் இதை வெளியிட்டார். 1874ல் பெயரும் வைத்தார். தசைக்கு ஊட்டம் இல்லை, பக்கவாட்டில் கெட்டிப்படுகிறது என்ற பொருளில் 'அமியோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிலிரோசிஸ்'. வாயில் நுழையவில்லையா? டாக்டர்களுக்கும் நுழையவில்லை போலிருக்கிறது, ஏ.எல்.எஸ். என்று சுருக்கிவிட்டார்கள். மோட்டார் நியூரான் நோய்களில் அதிகம் காணப்படும் வகை இதுதான்.

அமெரிக்காவில் இதற்கு இன்னொரு பெயர், 'லூ கெரிக் நோய்'. லூ கெரிக் பெரிய பேஸ்பால் வீரர். நியூயார்க் யாங்கீஸ் அணியில் 1925 முதல் 1939 வரை ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடியவர். காய்ச்சல், சுளுக்கு, விரல் எலும்பு முறிவு எதற்கும் லீவு போடவில்லை! ரசிகர்கள் அவரை 'இரும்புக் குதிரை' என்று அழைத்தார்கள். அந்த சாதனையை 1995 வரை, 56 ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவருக்குப் பந்தைச் சரியாக அடிக்க வரவில்லை. ஓடினால் கால் பின்னியது. ஒருநாள் சாதாரணமான ஒரு பந்தைப் பிடித்ததற்கே சக வீரர்கள் தட்டிக்கொடுத்துப் பாராட்டினார்களாம். அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. 1939 மே 2ந் தேதி, 'இன்று நான் ஆடவில்லை' என்று மேனேஜரிடம் தானே போய்ச் சொன்னார். ஜூன் 19ந் தேதி மேயோ கிளினிக் டாக்டர்கள் நோய் என்ன என்று சொன்னார்கள். அன்று அவருக்கு 36வது பிறந்தநாள். இரண்டே ஆண்டுகளில், 1941 ஜூன் 2ந் தேதி, இறந்துபோனார்.

விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் கதை வேறு. 1963ல், 21 வயதில் அவருக்கு இந்த நோய் வந்தது. இரண்டு ஆண்டுகள் இருந்தால் அதிகம் என்றார்கள். அவரோ 55 ஆண்டுகள் இருந்தார்! கன்னத்துத் தசையை அசைத்தே கம்ப்யூட்டரை இயக்கினார், பேசினார், புத்தகம் எழுதினார். 2018ல், 76 வயதில்தான் மறைந்தார்.

ஒருவருக்கு 2 ஆண்டு, இன்னொருவருக்கு 55 ஆண்டு. ஒரே நோய் எப்படி இப்படி நடந்துகொள்ளும்? ஒருவேளை இது ஒரே நோய் இல்லையோ?

மாலையில் ஒரு மணி

துப்பு கிடைத்தது குடும்பங்களிலிருந்து. நூறு நோயாளிகளில் சுமார் 90 பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இருக்காது. மீதி 10 பேருக்கு அப்பா, அத்தை, தாத்தா என்று யாருக்காவது வந்திருக்கும். அப்படியானால் அது மரபணு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற பெரிய புத்தகம் இருக்கிறது. அதில் ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். மொத்தம் சுமார் 300 கோடி எழுத்துகள்! அதில் ஒவ்வொரு புரதத்தையும் எப்படிச் செய்வது என்று எழுதியிருக்கும் பத்திதான் மரபணு. அந்த 300 கோடியில் ஒரு பிழையைத் தேடுவது எப்படி?

நோய் வந்தவர்களிடமும் வராத உறவினர்களிடமும் ரத்தம் வாங்கினார்கள். நோய் வந்தவர்கள் எல்லாரிடமும் இருந்து, வராதவர்களிடம் இல்லாத பகுதி எது என்று குரோமோசோம் குரோமோசோமாக ஒப்பிட்டார்கள். 1991ல் டீப்பு சித்திக் என்ற டாக்டரும் அவருடன் சேர்ந்து உழைத்தவர்களும், 'அது 21வது குரோமோசோமில் இருக்கிறது' என்று சொன்னார்கள். ஊர் தெரிந்துவிட்டது, வீடு தெரிய வேண்டுமே! 1993ல் அதுவும் கிடைத்தது. பாஸ்டன் நகரின் டாக்டர் ராபர்ட் பிரவுனும் சித்திக்கும் இன்னும் பலரும் சேர்ந்து, எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவைப் பிடித்தார்கள். 13 குடும்பங்களில் அந்த ஒரே மரபணுவில் 11 விதமான எழுத்துப் பிழைகள்!

இந்த மரபணு செய்யும் புரதம், 153 மணிகளைக் கோத்த மாலை மாதிரி. ஓர் எழுத்து மாறியதால் மாலையில் ஒரே ஒரு மணி மாறிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் புரதத்தின் வேலை, செல்லுக்குள் ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் ஒரு கெட்ட கழிவை அகற்றுவது. குப்பை வண்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உடனே எல்லாரும் என்ன நினைத்தார்கள்? 'குப்பை வண்டி பழுதாகிவிட்டது, குப்பை சேர்ந்து செல் செத்துவிட்டது' என்று. நீங்களும் நானும்கூட அப்படித்தான் நினைத்திருப்போம். அப்படியானால் மருந்து சுலபம்: நல்ல வண்டிகளை அதிகமாக அனுப்ப வேண்டும்!

எலிகள் அதைத் தலைகீழாக்கின. 1994ல் விஞ்ஞானிகள் சுண்டெலிகளுக்குள் பிழையுள்ள மனித மரபணுவைச் சேர்த்தார்கள். அந்த எலிகளின் சொந்த எஸ்.ஓ.டி.1 நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. அப்படியும் அவற்றின் கால்கள் ஓய்ந்துபோயின. அடுத்து 1996ல் அந்த மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். குப்பை வண்டியே கிடையாது! ஆனால் அவற்றுக்கு இந்த நோய் வரவில்லை.

புரிகிறதா? வண்டி வராததால் தெரு கெடவில்லை. வந்த வண்டியே தெருவின் குறுக்கே கவிழ்ந்து வழியை அடைத்துவிட்டது! ஒரு மணி மாறிய மாலை ஒழுங்காக மடங்காமல், ஒன்றோடு ஒன்று ஒட்டி உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடுகிறது. இனி அந்தப் புரதத்தைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். மருந்து தேடும் திசையே மாறிவிட்டது.

இடம் மாறிய பிழைதிருத்துபவர்

ஆனால், எஸ்.ஓ.டி.1 பிழை இருப்பவர்கள் நூறு நோயாளிகளில் சுமார் 2 பேர்தான். மற்றவர்களுக்கு?

2006ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா லீ, ஜான் ட்ரோஜனோவ்ஸ்கி குழுவினர், இறந்த நோயாளிகளின் நரம்பு செல்களில் திரண்டிருந்த உருண்டைகள் எதனால் ஆனவை என்று ஆராய்ந்தார்கள். டி.டி.பி.43 என்ற புரதம் என்று தெரிந்தது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் ஏறத்தாழ 97 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது! வேடிக்கை என்னவென்றால், எஸ்.ஓ.டி.1 பிழை உள்ளவர்களுக்கு மட்டும் அனேகமாக இந்த உருண்டை இருப்பதில்லை. அந்த எலிகளுக்குப் பலன் தந்த பல மருந்துகள் மனிதர்களிடம் தோற்றுப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டி.டி.பி.43 என்ன வேலை செய்கிறது? டி.என்.ஏ. என்ற பெரிய புத்தகத்தை நூலகத்தை விட்டு வெளியே எடுத்துப் போக முடியாது. செல்லின் நடுவில் இருக்கும் உட்கருதான் அந்த நூலகம். தேவையான பத்தியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வெளியே அனுப்புவார்கள். ஆர்.என்.ஏ. என்பது அந்த ஜெராக்ஸ் சீட்டு. சீட்டில் தேவையில்லாத வரிகள் நிறைய இருக்கும். அவற்றை நீக்கும் பிழைதிருத்துபவர்களில் ஒருவர்தான் டி.டி.பி.43. நமது பத்திரிகை அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார். அவர் ஒருநாள் வராவிட்டால் மறுநாள் பேப்பர் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும்!

நோயாளிகளின் செல்லில் இந்தப் பிழைதிருத்துபவர் நூலகத்தை விட்டு வெளியேறி, வராந்தாவில் உருண்டையாகச் சுருண்டு கிடக்கிறார். உள்ளே சீட்டுகளில் வேண்டாத வரிகள் அப்படியே தங்கிவிடுகின்றன. ஆக்ஸான் சேதமானால் மீண்டும் வளரத் தேவையான ஸ்டாத்மின்-2 என்ற புரதத்தின் சீட்டும் இப்படிக் கெட்டுப்போகிறது என்று 2019ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. அந்த 1 மீட்டர் வால் ஏன் முதலில் அடி வாங்குகிறது என்பதற்கு இது நல்ல துப்பு.

பிழைதிருத்துபவர் ஏன் வெளியேறுகிறார்? சிலருக்கு அவரைச் செய்யும் மரபணுவிலேயே பிழை இருப்பதை லண்டன் கிங்ஸ் காலேஜ் குழுவினர் 2008ல் காட்டினார்கள். ஆனால் அது மிகச் சிலருக்குத்தான். பெரும்பாலானவர்களுக்கு அந்த மரபணு நன்றாக இருக்கும்போதே அவர் வெளியே வந்துவிடுகிறார். இந்த நோயில் இன்றைக்கும் அவிழாத முடிச்சு இதுதான்.

2011ல் இன்னொரு பெரிய துப்பு கிடைத்தது. 9வது குரோமோசோமில் ஓரிடத்தில் ஜி.ஜி.ஜி.ஜி.சி.சி. என்ற ஆறு எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் இருபது தடவைக்குள் நின்றுவிடும். சில நோயாளிகளுக்கோ கீறல் விழுந்த சி.டி. மாதிரி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூடப் போய்க்கொண்டே இருக்கும்! இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் இதைக் கண்டுபிடித்தன. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் குடும்பத்தில் வரும் ஏ.எல்.எஸ். நோய்க்கு மிகப் பெரிய காரணம் இதுதான்.

2014ல் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொள்ளும் வேடிக்கை உலகம் முழுக்கப் பரவியதே, அதைப் பற்றி அண்ணன், அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். அது இந்த நோய்க்காகத்தான். அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் 11 கோடியே 50 லட்சம் டாலர் சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி போன ஆராய்ச்சியில், 2016ல் நெக்1 என்ற இன்னொரு மரபணு சிக்கியது.

இந்த நோய்களின் பட்டியலில் நம் ஊர் பெயரும் இருக்கிறது, தெரியுமா? 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'. சென்னை டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970ல் இதைப் பற்றி எழுதினார்கள். இது இளம் வயதிலேயே வரும். கை, கால், முகத் தசைகள் மெலியும், பலருக்குக் காதும் கேட்காமல் போகும். ஆனால் மெதுவாகவே முற்றும் என்பதால், பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. தென்னிந்தியாவில்தான் அதிகம் காணப்படுகிறது. ஏன் இங்கே மட்டும்? பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை டாக்டர்களும் இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

தோலிலிருந்து நரம்பு

ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். நோயாளி உயிரோடு இருக்கும்போது தண்டுவடத்தை வெட்டிப் பார்க்க முடியாதே! ஷார்கோ காலத்திலிருந்து இருந்த சிக்கல் இது. இறந்த பிறகு பார்ப்பது, ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு மைதானத்தைப் பார்ப்பது போல.

ஜப்பான் விஞ்ஞானி ஷின்யா யமனகா, தோல் செல்லைக் குழந்தைத்தனமான செல்லாக மாற்றும் வித்தையை 2006ல் எலியிலும் 2007ல் மனித செல்லிலும் செய்து காட்டினார். அடுத்த ஆண்டே, 2008ல், ஹார்வர்டின் கெவின் எக்கன் குழுவினர், இந்த நோய் இருந்த 82 வயதுப் பாட்டி ஒருவரிடம் துளித் தோலை வாங்கினார்கள். அதைக் குழந்தை செல்லாக்கி, பிறகு மோட்டார் நியூரானாக வளர்த்தார்கள்! அந்தப் பாட்டியின் மரபணுப் பிழையோடு, கண்ணாடித் தட்டில் உயிருள்ள நரம்பு செல்கள். ஸ்டாத்மின் பற்றிய துப்பும் இப்படி வளர்த்த செல்களில் கிடைத்ததுதான்.

சரி, மருந்து?

1995ல் ரிலுசோல் என்ற மாத்திரை வந்தது. சில மாதங்கள் ஆயுளை நீட்டிக்கும், அவ்வளவுதான். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

ஆனால் எஸ்.ஓ.டி.1 பிழை உள்ள அந்த 2 சதவீதம் பேருக்கு ஒரு வழி பிறந்தது. எலிகள் சொல்லிக்கொடுத்த பாடம் நினைவிருக்கிறதா? 'புரதத்தைக் குறை!' புத்தகத்தில் இருக்கும் பிழையைத் திருத்துவது கடினம். அதன் ஜெராக்ஸ் சீட்டைக் கிழித்துவிட்டால்? டோஃபர்சென் என்ற மருந்து அதைத்தான் செய்கிறது. அந்தச் சீட்டுக்குச் சரியாகப் பொருந்தும் எதிர் எழுத்துகளால் ஆன குட்டித் துண்டு அது. சீட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும், செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி வந்து சீட்டை வெட்டிப்போடும். சீட்டு இல்லை, அதனால் புரதமும் குறைவு.

இதை மாத்திரையாக விழுங்க முடியாது. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் செலுத்த வேண்டும். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி, பிறகு நான்கு வாரத்துக்கு ஒன்று. 108 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2022ல் வெளியானது. ஆறு மாதத்தில், மருந்து போட்டவர்களுக்கும் வெறும் ஊசி போட்டவர்களுக்கும் உடல் பலத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை! எல்லாருக்கும் ஏமாற்றம். ஆனால் ரத்தத்தில் ஒரு நல்ல செய்தி இருந்தது. ஆக்ஸானின் உள்ளே உத்தரம் போல் தாங்கி நிற்கும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம், ஆக்ஸான் இடியும்போது ரத்தத்தில் கலக்கும். மருந்து போட்டவர்களுக்கு அது வெகுவாகக் குறைந்திருந்தது. இடிவது குறைகிறது என்று அர்த்தம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஆரம்பத்திலிருந்தே மருந்து போட்டவர்கள் தாமதமாகத் தொடங்கியவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். 2023 ஏப்ரலில் அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி தந்தது. மரபணு கிடைத்த 1993லிருந்து கணக்குப் போட்டால், சரியாக 30 ஆண்டுகள்!

செத்த செல்லை மருந்தால் எழுப்ப முடியாது. அப்படியானால் செல் சாகும் முன்பே கொடுத்தால் என்ன? 2021ல் தொடங்கிய ஆய்வு இதைத்தான் கேட்கிறது. எஸ்.ஓ.டி.1 பிழை தங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தும், இன்னும் நோய் வராத ஆரோக்கியமானவர்கள் இதில் சேர்ந்திருக்கிறார்கள். பலர் தங்கள் அம்மாவோ, அப்பாவோ, மாமாவோ இதே நோயில் ஓய்ந்துபோனதைக் கண்ணால் பார்த்தவர்கள். மாதாமாதம் ரத்தம் எடுத்து நியூரோஃபிலமென்ட் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஏறினால், சிலருக்கு மருந்து ஊசி, சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, ஊசி போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. அப்படியும் யாருக்காவது நோய் தொடங்கிவிட்டால், அந்த நிமிடமே அவர் மருந்து பெறும் வரிசைக்கு மாற்றப்படுவார்.